உள்ளே அழுக்கு

ஒரு காரின் எஞ்சினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று உடுவிலில் அதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. கார் ஓடுகிறதா, புகை தள்ளுகிறதா, சந்தியில் நின்று மானத்தை வாங்குகிறதா என்பவைதான் கேட்கத் தகுந்த கேள்விகள். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும் என்பது ஊர் ஒழுங்கு. மனிதருக்கும் அதுதான், வாகனத்துக்கும் அதுதான்.

அந்த ஒழுங்கைக் குலைப்பதற்கென்றே வாகன அகத்தூய்மைச் சபை வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, சுவரில் அவர்கள் எழுதி வைத்திருந்த கணக்குகளின் மேல் வெள்ளை அடித்து, வாசலில் பலகை மாட்டிச் சபை வேலையைத் தொடங்கியது. வேலை இதுதான்: எந்தக் காராக இருந்தாலும் வருடாந்தச் சேர்விஸ் முடிந்த கையோடு எஞ்சினின் உட்புறத்தைச் சபைக்குக் காட்ட வேண்டும். சுத்தமென்றால் முன் கண்ணாடியில் வெள்ளை லேபல். இல்லையென்றால் மண்ணிற லேபல். லேபல் ஒரு சோற்றுக் கோப்பை அளவு. முதல் வரியில் உரிமையாளரின் பெயர், இரண்டாம் வரியில் ஊர், மூன்றாம் வரியில் தீர்ப்பு. உரித்தால் குற்றம். மறைத்தால் அதைவிடப் பெரிய குற்றம்.

சபை தொடங்கி ஒன்பது மாதத்தில் வெள்ளை லேபல் பெற்ற வாகனங்கள் இரண்டு. இரண்டும் சபையின் சொந்த வாகனங்கள். ஒன்றுக்குச் சாரதி இன்னும் நியமிக்கப்படவில்லை. மற்றதை ஸ்ராட் பண்ணும் திறப்பு கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை.

இளைப்பாறிய அஞ்சல் அதிபர் ஏரம்பருக்கு இந்தச் சபையின் அழைப்புக் கடிதம் கிடைத்தது மிகவும் கெட்ட நேரத்தில். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி குகதாசனின் மகள் சாருஜாதான் அவருக்கும் மனைவி குணலட்சுமிக்கும் எல்லாம். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசி, இணுவிலில் தனோஜன் என்ற மாப்பிள்ளையும் சரிவந்து, இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. கலியாணப் பேச்சு முடிந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன், வந்த வெற்றிலையை மென்றபடி, "மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுவர யாழ்ப்பாணத்திலை நல்ல சொகுசுக் கார் வாடகைக்கு இருக்கு அண்ணை, பிடிப்பம்" என்று சொல்லியிருந்தார்.

ஏரம்பர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவார். அன்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"எங்கடை குடும்பத்துக்கு வந்த மாப்பிள்ளை ஒருத்தரும் வாடகைக் காரிலை வந்து இறங்கினதில்லை. தனோஜன் எங்கடை காரிலைதான் வருவார். நான்தான் ஓட்டுவன்."

நாற்பது பேர் கேட்டிருக்கச் சொன்ன வார்த்தை. இனி அந்தக் கார் ஓடவும் வேண்டும், அதன் நெற்றியில் மண்ணிற லேபல் இருக்கவும் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று "வி. ஏரம்பு, உடுவில், உள்ளே அழுக்கு" என்று எழுத்துக்கூட்டி வாசிப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, ஊரிலை இருக்கிற முழுக் காருக்கும் மண்ணிறம்தானே ஒட்டியிருக்கு. நாங்களும் ஒட்டிக்கொண்டு ஓடினால் என்ன?" என்றார் குணலட்சுமி.

"ஊரிலை எல்லாரும் வேட்டியில்லாமல் போனால் நானும் போகவோ?"

குணலட்சுமி கதையை விட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். அவர் போனாலும் போவார் என்ற பயம் அவவுக்கு இருந்திருக்கலாம்.

காரை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருபவன் கொழும்புத்துறைக் கனிசியஸ். கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டில்தான் அவனுடைய கராஜ். ஏரம்பர் அங்கே போய் எண்ணெய் மாற்றினார், பில்ட்டர் மாற்றினார். கனிசியஸ் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தை அவருக்கு நேரே பிடித்தான்.

"பாருங்கோ போஸ்மாஸ்டர் ஐயா. தேன் நிறம். கட்டி இல்லை, படிவு இல்லை. இனி இந்த ரோச் லைற்றைப் பிடிச்சு உள்ளுக்கை பாருங்கோ."

ஏரம்பர் குனிந்து பார்த்தார். உள்ளே இரும்புத் தண்டுகள் எண்ணெய் பூசி மினுங்கின. தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காருக்குள்ளே பார்த்ததில் அவருக்கு ஒரு கூச்சமும் வந்தது. பார்த்தது நன்றாக இருந்ததில் ஒரு பெருமையும் வந்தது.

"உந்த விசயத்தை எழுதித் தருவியோ கனிசியஸ்?"

"எழுதலாம் ஐயா. ஆனால் என்ரை எழுத்தை ஆர் மதிப்பினம்? நான் முப்பது வருசமா எஞ்சின் திறந்தவன். அவையள் முப்பது வருசமாக் கடதாசிக் கோவை திறந்தவை."

சட்டதிட்டத்தின் மேல் ஏரம்பருக்குப் பகை எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் படிவத்தோடும் முத்திரையோடும் வாழ்ந்தவர். ஆகவே சபை கொடுத்த பதினான்கு பக்க விண்ணப்பத்தை ஒரு நல்ல மனிதர் விரதம் பிடிப்பது போலப் பிடித்தார். எஞ்சின் பிறந்த நாடு. எஞ்சினின் முன்னைய உரிமையாளர். முன்னைய உரிமையாளர் பாவித்த எண்ணெய். அந்த எண்ணெயைப் பாவிக்கச் சொன்னவரின் பெயரும் கல்வித் தகைமையும். கடைசிப் பக்கத்தில், எஞ்சின் நிரந்தரமாக வதியும் பிரிவின் கிராம அலுவலரிடமிருந்து ஒரு நற்சான்றிதழ்.

கிராம அலுவலரான விதானையார் கையில் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"ஐயா, உங்களுக்கெண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு நற்சான்று தருவன். எஞ்சினுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நான் அதோடை பழகேல்லையே."

"இருபத்திரண்டு வருசமா உங்கடை பிரிவிலை இருக்குது. ஏதேனும் முறைப்பாடு வந்ததோ?"

"இல்லை."

"அப்ப அதை எழுதுங்கோ."

விதானையார் எழுதினார்: 'மேற்படி எஞ்சின் எனது பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக வசித்து வருவதை நான் நன்கறிவேன். அது அமைதியான சுபாவமுடையது. சமாதானத்துக்குப் பங்கமான எச்செயலிலும் ஈடுபட்டதாக எனக்குத் தெரியவரவில்லை.'

இந்தக் கடதாசிகளைத் திரட்டுவதற்காக ஏரம்பரின் கார் உடுவிலுக்கும் பிரதேச செயலகத்துக்கும் திருநெல்வேலிக்குமாக ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் சபையின் முற்றத்தில் காரை விட்டார். துணைக்குக் கனிசியஸும் வந்திருந்தான். பரிசோதனை உத்தியோகத்தர் சுபாஜினி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, முத்திரையிட்ட உறையைக் கிழித்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். துணி தூய்மையானது என்பதற்கு உறைக்குள்ளேயே இன்னொரு சான்றிதழ் இருந்தது. அவர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துணியில் ஒருமுறை துடைத்தார். துணியில் கறுப்புக் கோடொன்று விழுந்தது.

சுபாஜினி அந்தக் கோட்டை ஒரு மரண அறிவித்தலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஐயா, அழுக்கு."

"பிள்ளை, உது அழுக்கில்லை" என்றான் கனிசியஸ். "எண்ணெய் உள்ளுக்கை ஓடியோடிக் கரியைக் கழுவித் தன்ரை மேலை ஏத்திக்கொண்டு வருது. எண்ணெய் கறுத்தால் எஞ்சின் சுத்தமாகுது எண்டு அர்த்தம். கறுக்காட்டில்தான் பயப்பிட வேணும்."

"எண்ணெய்க்கு அந்த அதிகாரம் இல்லை" என்றார் சுபாஜினி அமைதியாக. "சுத்தம் சம்பந்தமான வேலை சபைக்குத்தான் குடுத்திருக்கு."

"மூடியைத் திறந்து உள்ளுக்கை பாருங்கோவன்."

"உள்ளை பாக்கிறதுக்குத் துணியிலை வெள்ளை வர வேணும். வெள்ளை வந்தால் பேந்து உள்ளை பாக்கத் தேவையில்லை."

ஏரம்பர் இந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை மடித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் மடித்தாலும் அவர் வெளியில்தான் நின்றார். "நான் பணிப்பாளரைப் பாக்க வேணும்" என்றார்.

பணிப்பாளர் பிரகாஸ் மேல்மாடியில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேட்டு, வெள்ளை நீளக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. அறையே அரிசிமாவில் தோய்த்து எடுத்தது போலிருந்தது. ஏரம்பரைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கனிசியஸைப் படியிலேயே நிற்கச் சொன்னார்கள்.

"தம்பி, நான் வந்த விசயம் என்னெண்டால்..."

"பணிப்பாளர்" என்று திருத்தினார் பிரகாஸ்.

"பணிப்பாளர் தம்பி" என்றார் ஏரம்பர். அதற்கு மேல் அவர் இறங்க மாட்டார்.

விசயத்தைக் கேட்ட பிரகாஸ் கதிரையில் சாய்ந்துகொண்டார். அவர் பேசத் தொடங்கியதும் பியோன் வந்து சன்னலைச் சாத்தினான், வெளிச்சத்தம் பேச்சில் கலந்துவிடாமல்.

"ஐயா, நீங்கள் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். வேலை செய்யிற எந்தப் பொருளும் கறுக்கும். இது விஞ்ஞானம். எண்ணெய் வேலை செய்தது, கறுத்துப் போச்சு. எஞ்சின் வேலை செய்தது, கரி பிடிச்சுப் போச்சு. இப்ப இந்தக் கந்தோரைப் பாருங்கோ. ஒன்பது மாசம். மேசையிலை ஒரு கறை இருக்கோ? கோவையிலை ஒரு மடிப்பு இருக்கோ? என்ரை பேனையைப் பாருங்கோ, வந்த நாள் தொட்டு மூடி திறக்கேல்லை. மேலிடத்திலை இருந்து வந்த ஆக்கள் பாத்திட்டு, தீவு முழுக்க இப்பிடி ஒரு கந்தோர் இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போயிருக்கினம். ஒரு கந்தோராலை இவ்வளவு தூய்மையா இருக்க முடியுமெண்டால், கேவலம் ஒரு எஞ்சினாலை ஏன் முடியாது?"

பியோன் தலையாட்டினான். ஏரம்பர் ஆட்டவில்லை.

"மேன்முறையீடு செய்யலாமோ?"

"தாராளமா. மூண்டு பேர் கொண்ட குழு எஞ்சினை மேலை திறந்து நேரை பாக்கும். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒரு கதையும் கதைக்கேலாது."

அடுத்த வியாழக்கிழமை முற்றத்தில் வைத்து எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார்கள். கழற்றியது கனிசியஸ்தான், ஏனென்றால் சபையில் குறடு இல்லை. உள்ளே எல்லாம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. கனிசியஸ் கையைக் கட்டிக்கொண்டு, "பாருங்கோ, வடிவாப் பாருங்கோ" என்றான். ஆனால் பார்க்க வேண்டிய மூன்று பேரில் பிரகாஸும் சுபாஜினியும்தான் நின்றார்கள். மூன்றாமவரான கறை நிபுணர், வெண்மையின் வகைகள் பற்றிய பயிற்சிக்குக் கொழும்பு போயிருந்தார். வருவது செவ்வாய்க்கிழமை.

"அப்ப மூடியைப் பூட்டிப்போட்டுச் செவ்வாய் திறப்பம்" என்றார் ஏரம்பர்.

"பூட்டேலாது ஐயா" என்றார் சுபாஜினி. "குழு திறந்ததைக் குழு பாக்காமல் பூட்டக்கூடாது."

"ஒரு துணியாலையாவது மூடுவம் பிள்ளை. காத்தடிக்குது."

"மூடினால் சான்றை மறைச்சதாப் போகும்."

எஞ்சின் ஐந்து நாள் வாயைத் திறந்தபடி கிடந்தது. பலாலி வீதியால் பஸ் போகும்போதெல்லாம் புழுதி எழுந்து, மதிலைத் தாண்டி, ஆற அமர உள்ளே இறங்கியது. முற்றத்து வேம்பு பூத்திருந்தது. ஏரம்பர் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். உள்ளே போக முன் அனுமதி வேண்டும். தன் வீட்டு ஆள் ஒருவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெளியே நிற்பது போல இருந்தது அவருக்கு. நாலாம் நாள் ஒரு அணில் எஞ்சினின் விளிம்பில் குந்தியிருந்து எதையோ கொறித்தது. ஏரம்பர் கேற்றைத் தட்டிச் சத்தம் போட்டார். காவலாளி வந்து, கேற்றைத் தட்ட வேண்டாம், பெயின்ற் உரியும் என்றான்.

செவ்வாய்க்கிழமை நிபுணர் வந்தார். மூன்று பேரும் எஞ்சினைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு அறிக்கை வாசிக்கப்பட்டது.

"உள்ளே காணப்பட்டவை: செம்மண், மூன்று மேசைக்கரண்டி. வேப்பம்பூ, பதினேழு. எறும்பு, எண்ணப்படவில்லை. பஸ் ரிக்கற், ஒன்று. இவற்றிலிருந்து உரிமையாளர் நீண்டகாலமாக எஞ்சினைப் பராமரிக்காமல் விட்டிருப்பது தெளிவாகிறது. மேலும், எஞ்சினுக்குள் அனுமதியின்றிப் பயணிகள் சேவை நடத்தப்பட்டதா என்பது பற்றி உரிமையாளரிடம் விளக்கம் கோரப்படுகிறது."

ஏரம்பர் எஞ்சினுக்கு நேரே விரலை நீட்டினார்.

"உது உங்கடை முற்றத்து மண் தம்பி! உங்கடை வேம்பு! வியாழக்கிழமை இதே எஞ்சின் கண்ணாடி மாதிரி இருந்ததை நீங்கள் ரெண்டு பேரும் கண்ணாலை கண்டனீங்கள்!"

"கண்டனாங்கள்" என்றார் பிரகாஸ். "ஆனால் வியாழக்கிழமை குழுவிலை ரெண்டு பேர். ரெண்டு பேர் கண்டது சட்டத்திலை காணாதது மாதிரித்தான்."

பக்கத்தில் நின்ற கனிசியஸ் வாய்விட்டுச் சிரித்தான். ஏரம்பர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "கோவிக்காதையுங்கோ ஐயா, அழ வேண்டிய இடத்திலை எனக்குச் சிரிப்புத்தான் வாறது" என்றான்.

கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். ஏரம்பர் தன் வாழ்நாளில் எந்த உத்தியோகத்தனிடமும் கேட்காத ஒன்றை அன்று கேட்டார். "வேறை ஏதும் வழி இருக்கோ?" என்றார்.

வழி இருந்தது. சபையே எஞ்சினைக் கழுவும். கழுவிப் புது எண்ணெய் ஊற்றும். பொன்னிற எண்ணெய் கறுப்பதற்கு முன்பே முத்திரை வைக்கும். வெள்ளை லேபலும் ஒட்டும். ஒரேயொரு நிபந்தனை.

"ஸ்ராட் பண்ணக்கூடாது" என்றார் பிரகாஸ்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"தூய்மையா இருக்க விரும்புற காலம் வரைக்கும்."

ஏரம்பர் ஒரு இரவும் ஒரு பகலும் யோசித்தார். ஓடுகிற கார் வேண்டுமா, வெள்ளை லேபல் வேண்டுமா? ஓடாத காரைத் தள்ளலாம். மண்ணிற லேபலை என்ன செய்வது? இப்படித்தான் ஒரு புத்திசாலி மனிதர், படிப்படியாக, ஒரு படியும் தவறாமல், மடைத்தனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். புதன்கிழமை பின்னேரம் போய்ச் சம்மதம் என்று கையெழுத்து வைத்தார்.

வியாழக்கிழமை எஞ்சினைக் கழுவினார்கள். ஸ்ரியறிங் பூட்டு விடுபடுவதற்காகத் திறப்பைப் போட்டு ஒரு படி திருப்பி, அந்த நிலையிலேயே நூல் சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, சபையின் முத்திரையைப் பதித்தார்கள். அரக்கு முத்திரை என்றால் ஏரம்பருக்கு ஒரு மரியாதை. பதிவுத் தபால் பைகளுக்கு ஆயிரக்கணக்கில் வைத்தவர். தனக்கு உரிமையில்லாத ஒன்றையேனும் உடைத்ததில்லை. கனிசியஸ் தன் சின்ன லொறியில் கயிறு கட்டிக் காரை உடுவிலுக்கு இழுத்து வந்தான்.

"ஞாயிற்றுக்கிழமையும் இப்பிடியே இழுத்துக்கொண்டு போவமோ ஐயா?"

"விசரோ உனக்கு? மாப்பிள்ளையைக் கயிறு கட்டி இழுத்து வந்தவை எண்டு ஊர் சொல்லாதோ? தள்ளுவம்."

"இணுவிலிலை இருந்தோ? ஒண்டரைக் கட்டைத் தூரம்!"

"ஏலாதோ?"

"வள்ளம் தள்ளின பரம்பரை ஐயா, கார் என்ன பெரிசு. எனக்குக் கவலை என்னெண்டால், நல்லா ஓடுற ஒரு எஞ்சினைக் கழுவிக் குளிப்பாட்டிப் பிணம் மாதிரி வைச்சிருக்கினம். அதை நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

ஏரம்பர் காரின் முன்பக்கம் போனார். வெள்ளை லேபலைப் பார்த்துக்கொண்டு நின்றார். 'வி. ஏரம்பு, உடுவில், உள்ளே தூய்மை.' தம்பி குகதாசன் வந்து அதைப் படம் எடுத்து லண்டனில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பினார்.

முத்திரை வைத்த வாகனம் வீதியில் நகர்வதானால் சபை உத்தியோகத்தர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சுற்றுநிருபம். யார் வருவது என்று கேட்டபோது, பணிப்பாளர் பிரகாஸ், கலியாணச் சாப்பாட்டில் எத்தனை கறி என்று விசாரித்தார். ஒன்பது என்றதும், பொறுப்பான விசயம் ஆகையால் தானே வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை, இணுவிலில் மாப்பிள்ளை வீட்டு வாசலிலிருந்து கார் புறப்பட்டது. பின்னால் தலைப்பாகையோடு தனோஜனும் தோழனும். முன்னால் ஸ்ரியறிங்கில் பட்டு வேட்டியும் சால்வையுமாக ஏரம்பர். பக்கத்தில், மடியில் ஒரு கைப்பெட்டியோடு, சுத்த வெள்ளையில் பிரகாஸ். காருக்குப் பின்னால் கனிசியஸும் சொந்தக்காரப் பொடியள் ஐந்து பேரும் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார்கள். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போயின. கார் சத்தம் போடாததால் மேளம் துல்லியமாகக் கேட்டது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த சனம், "என்ன கம்பீரமாப் போகுது" என்றது. மூன்று கிழமைக்குப் பிறகு ஏரம்பரின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அது றெயில் பாதை வரைக்கும் இருந்தது.

றெயில் பாதையில் வீதி கொஞ்சம் ஏறி இறங்கும். ஏறும் வரைக்கும் தள்ளினார்கள். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. பின் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். கார் ஊஞ்சல் போல ஆடியதே தவிர நகரவில்லை.

அப்போது மணி அடிக்கத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மின்னியது. தெற்கில், வெகு தூரத்தில், றெயில் கூவியது.

"தள்ளுங்கோடா! தள்ளுங்கோ!" என்று கனிசியஸ் கத்தினான்.

பிரகாஸ் கதவுப் பிடியை இழுத்தார். அது வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கதவு. வெளியே நின்றவர்கள் எல்லாரும் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா! ஸ்ராட் பண்ணுங்கோ!"

"முத்திரை இருக்குதே தம்பி."

"முத்திரையை உடையுங்கோ ஐயா! என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? நான் சொல்லுறன், ஸ்ராட் பண்ணுங்கோ!"

ஏரம்பர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் தனோஜன், தலைப்பாகை ஒரு பக்கம் சரிய, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பொறுமைக்காகவே அவனைக் காப்பாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியது. பெருவிரல் நகத்தை அரக்கின் விளிம்பில் கொடுத்தார். அது சிவப்புத் தூளாகப் பட்டு வேட்டியில் கொட்டியது. திறப்பைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது. ஐந்து நாள் மண் தின்று, ஒரு நாள் குளித்து, மூன்று நாள் வாய்பேசாமல் இருந்த எஞ்சின், இதற்காகவே காத்திருந்தது போல ஒரு உறுமல் உறுமி, பள்ளத்தை விட்டு எழுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சரிவில் போய் நின்றது. பொடியள் ஓடி வந்து சேரவும் பின்னால் றெயில் கடகடவென்று போகவும் சரியாக இருந்தது. றெயிலில் இருந்தவர்கள் மாப்பிள்ளைக்குக் கை காட்டினார்கள்.

பிரகாஸ் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். லேஞ்சியில் கறை ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கைப்பெட்டியைத் திறந்து ஒரு மண்ணிற லேபலை எடுத்தார். பெயரும் ஊரும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

"உதென்ன தம்பி?"

"முத்திரை உடைஞ்சு போச்சு ஐயா. எஞ்சினும் ஓடியிட்டுது. சட்டம் சட்டம்தானே."

"நீங்கள் சொல்லித்தானே உடைச்சனான்!"

"நான் அப்ப பயணியாச் சொன்னனான்" என்றார் பிரகாஸ், லேபலின் பின்தாளை உரித்தபடி. "இப்ப பணிப்பாளரா ஒட்டுறன்."

அவர் முன்னால் சாய்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் இருந்த வெள்ளை லேபலை உரித்துவிட்டு, அதே இடத்தில், எழுத்து வெளியே தெரியும்படி பார்த்து ஒட்டினார். நாலு மூலையையும் விரலால் அழுத்திவிட்டார். அவருடைய ஒன்பது மாத சேவையில் அவர் கையாலேயே செய்த முதல் வேலை அதுவாக இருக்கலாம். முடித்துவிட்டு இருக்கையில் சாய்ந்தார்.

"சரி ஐயா, இனி கெதியா விடுங்கோ. முதற் பந்தி தொடங்கப் போகுது."

ஏரம்பர் காரை விடவில்லை. இறங்கி, காரைச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவை வெளியிலிருந்து திறந்தார்.

"தம்பி, இந்தக் காருக்குள்ளை இப்ப என்ன?"

"விளங்கேல்லை."

"நீங்கள் ஒட்டினதை வாசியுங்கோ. உள்ளை என்ன?"

"அழுக்கு."

"அப்ப உங்களைப்போல வெள்ளையான ஆக்கள் இதுக்குள்ளை இருக்கப்பிடாது. இறங்குங்கோ."

"ஐயா, நான் பணிப்பாளர்..."

"அதாலைதான் சொல்லுறன். இறங்குங்கோ தம்பி."

பிரகாஸ் இறங்கினார். மணல் வீதியில் வெள்ளைச் சப்பாத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். வெயில் ஏறியிருந்தது. மண்டபம் இன்னும் முக்கால் கட்டைத் தூரம்.

"கனிசியஸ், ஏறு முன்னாலை."

"என்ரை உடுப்பைப் பாருங்கோ ஐயா. ஒரே புழுதியும் கிறீசும்."

"ஏறு எண்டன்."

மேளகாரரை நடந்து வரச் சொல்லிவிட்டு ஏரம்பர் காரை விட்டார். எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்க, மண்டப வாசலில் கார் வந்து நின்றது. ஆராத்தித் தட்டோடு பெண்கள் முன்னுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முந்திக்கொண்டு, நேரத்தோடே வந்து காத்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் கண்டு நின்றார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"வி. ஏரம்பு. உடுவில். உள்ளே அழுக்கு."

குணலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். குகதாசன் நிலத்தைப் பார்த்தார். தாய்மாமன் புருவத்தை உயர்த்தியபடி ஏரம்பரைப் பார்த்தார்.

"என்ன அண்ணை இது?"

ஏரம்பர் காரிலிருந்து இறங்கிச் சால்வையைத் தோளில் நேராகப் போட்டுக்கொண்டார். வேட்டியில் இருந்த அரக்குத் தூளைத் தட்டவில்லை.

"ஓம்" என்றார். "ஓடுற கார்."